அடியும் அழுத்தமும் – கடிதம்

அன்புள்ள சார்,

குலசேகரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊரில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று உண்டு. அதன் நடுவே வட்டமாக ஒரு குழி, வருடம் முழுக்கத் தண்ணீர் கிடக்கும். குவாரி வருவதற்கு முன்பே அங்கே ஒரு பள்ளம் இருந்தது, வானத்திலிருந்து தீக்கொள்ளி விழுந்த இடம் அது என்று பக்கத்து வீட்டு அம்மச்சி சொல்வார்.

என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அங்கிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தான். ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல் கோடுகள் விரிந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் விண்கல் மோதி உண்டான லோனார் ஏரியைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறான். “டீச்சர், குழி பொய் சொல்லலாம், கல் பொய் சொல்லாது, இதை யாரிடமாவது காட்டுங்கள்” என்றான். இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். இது விண்கல் விழுந்த பள்ளமா? இல்லை என்றால் அதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? வகுப்பு முழுவதும் இந்தக் கதையில்தான் இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)
குலசேகரம்

*

அன்புள்ள டீச்சருக்கு,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது விண்கல் பள்ளம் அல்ல. அந்தக் கல்லும் விண்கல் மோதி உடைந்த கல் அல்ல. ஆனால் உங்கள் மாணவன் சொன்ன வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி வகுப்பில் ஒட்டிவையுங்கள். குழியை நம்பாதே, கல்லைக் கேள் என்ற இடத்துக்கு வந்துசேர இந்தத் துறையின் பெரிய அறிஞர்களுக்கு எழுபது ஆண்டுகள் பிடித்தன. எட்டாம் வகுப்பில் அவன் அங்கே நிற்கிறான்.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கல்லின் மேல்விளிம்பில், குழாயை நீளவாக்கில் பிளந்ததுபோல் வழவழப்பான ஒரு தடம் தெரிகிறது, பெருவிரல் அகலத்துக்கு. வெடிவைப்பதற்காகத் துளைபோட்ட இடம் அது. வெடித்தபோது துளை இரண்டாகப் பிளந்து பாதி இந்தக் கல்லோடு வந்திருக்கிறது. கோடுகள் எல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. விரிசல் பாறைக்குள் ஓடிய வழியே அப்படி இறகு இறகாகப் பதியும். நம் ஊரில் குவாரிக் கல்லை வைத்துக் கட்டிய எந்த மதிலிலும் இதைப் பார்க்கலாம்.

அவன் தொலைக்காட்சியில் பார்த்தது சிதறல் கூம்பு என்னும் வேறொரு வடிவமாக இருக்கும். விண்கல் மோதும்போது பாறைக்குள் பாயும் அதிர்ச்சி அலை பாறையைக் கூம்பு கூம்பாகப் பிளக்கும். கோடுகள் ஒரு தட்டையான முகத்தில் நின்றுவிடாமல், கூம்பைச் சுற்றிலும் குதிரைவால் போல இறங்கும். பெரிய கூம்பின் மேல் சிறிய கூம்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மனியின் ஸ்டைன்ஹைம் பள்ளத்தில் 1905-லேயே இவற்றை வர்ணித்துவிட்டார்கள், ஆனால் எதனால் வந்தவை என்று தெரியவில்லை. ராபர்ட் டீட்ஸ் என்ற அமெரிக்க நிலவியலாளர்தான், இவை மோதலின் அடையாளம் என்று விடாமல் வாதாடினார். கனடாவின் சட்பரியில் இவை கிடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிப் போய்த் தேடி, 1962-ல் கண்டும் பிடித்தார். கல்லைப் படித்து ஊகித்து, ஊகத்தைக் கல்லிலேயே சரிபார்த்த அந்த நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

இனி வட்டத்துக்கு வருகிறேன். வட்டமாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. திற்பரப்பில் அருவிக்கு மேலே ஆற்றின் பாறைப்படுகையில் நடந்திருப்பீர்கள். சுழலும் நீரில் கூழாங்கல் சிக்கிக்கொண்டால் அது ஆட்டுரல்போல் பாறையைக் குடைந்துவிடும். எரிமலை வாய் வட்டம். சுண்ணாம்புப் பாறை கரைந்து உள்ளிறங்கினாலும் வட்டம். வட்டத்தை மட்டும் பார்த்தவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதை ஒரு கதையாகவே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் இரும்பு விண்கல் துண்டுகள் சிதறிக் கிடந்தன. 1891-ல் குரோவ் கார்ல் கில்பர்ட் அங்கே போனார். அந்தக் காலத்தின் தலைசிறந்த நிலவியலாளர்களில் ஒருவர். பெரிய இரும்புக் கட்டி விழுந்து புதைந்திருந்தால் காந்த ஊசி அசைய வேண்டும், அசையவில்லை. கட்டி உள்ளே கிடந்தால் அது அடைத்த இடம்போகப் பள்ளம் சிறுத்திருக்க வேண்டும், ஆனால் விளிம்பில் குவிந்த மண்ணும் பள்ளத்தின் கொள்ளளவும் சரியாக இருந்தன. எனவே நீராவி வெடிப்பு என்று முடிவுசெய்தார். அளவு ஒன்றிலும் பிழையில்லை, முடிவு தவறு. நிலாவின் பள்ளங்கள் மோதலால் வந்தவை என்று 1893-ல் சொன்னவரும் இதே கில்பர்ட்தான்.

பிறகு டேனியல் பேரிஞ்சர் என்ற சுரங்கத் தொழிலதிபர் வந்தார். 1903-ல் அந்த இடத்தை எடுத்தார். விண்கல்தான் விழுந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, அது சரி. ஆனால் கோடிக்கணக்கான டன் இரும்பு அடியில் கிடக்கிறது என்று நம்பி இருபத்தாறு ஆண்டுகள் துளையிட்டார். சொத்து கரைந்தது. 1929-ல் ஒரு வானியலாளர் கணக்குப் போட்டு, விழுந்த கல் நீங்கள் நினைப்பதைவிட மிகச் சிறியது, மோதிய வேகத்தில் பெரும்பகுதி சிதறிப்போயிருக்கும் என்று அறிக்கை தந்தார். அதே ஆண்டில் பேரிஞ்சர் இறந்துபோனார்.

இருவருக்கும் பிடிபடாதது வேகம். விண்கல் பூமியை நெருங்கும்போது நொடிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரும். நாகர்கோவிலில் பஸ் ஏறினால் கன்னியாகுமரி போய் இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்தத் தூரத்தை அது ஒரே நொடியில் கடக்கும். அவ்வளவு வேகத்தில் மோதும் பொருள் புதைவதில்லை, வெடிக்கிறது. ஐம்பது மீட்டர் அளவுள்ள இரும்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமான பள்ளத்தை உண்டாக்கிவிட்டுத் தானே பெரும்பாலும் இல்லாமல் போகிறது. அது விட்டுச்செல்லும் அழியாத சாட்சி, அடிவாங்கிய கல்தான்.

அந்தச் சாட்சியைப் பேசவைத்தவர் யூஜின் ஷூமேக்கர் என்ற அமெரிக்க நிலவியலாளர். நெவாடாவில் அணுகுண்டுச் சோதனை நடந்த இடங்களின் பள்ளங்களை அளந்து, அரிசோனா பள்ளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர். 1953-ல் லோரிங் கோஸ் என்ற வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில், சாதாரண மணலில் மின்னும் கனிமமான குவார்ட்ஸைக் கடும் அழுத்தத்தில் நெருக்கி ஒரு புதிய படிகத்தை உண்டாக்கியிருந்தார். வளிமண்டல அழுத்தத்தைப்போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். அவர் பெயரால் கோஸைட் என்கிறார்கள். 1960-ல் எட்வர்ட் சாவ், ஷூமேக்கர் குழுவினர் அதே கோஸைட்டை அரிசோனா பள்ளத்தின் மணற்கல்லில் கண்டார்கள். இயற்கையில் அது கிடைத்தது அதுவே முதல் முறை. அடுத்ததாக ஜெர்மனியின் ரீஸ் பள்ளத்திலும் கண்டார்கள். இருபத்துநான்கு கிலோமீட்டர் அகலம், அதற்குள்ளே நோர்ட்லிங்கன் என்ற பழைய நகரம். அந்த ஊர்த் தேவாலயத்தைக் கட்டிய கல்லே மோதலில் உருகியும் நொறுங்கியும் கலந்த கல். எரிமலைக் கல் என்றுதான் தலைமுறை தலைமுறையாக நினைத்திருந்தார்கள். சுசீந்திரத்துக் கல்தூண்களைத் தினமும் தொட்டுக் கும்பிடும் நம்மைப் போன்றவர்கள்தானே அவர்களும்.

ஷூமேக்கருக்கு நிலாவுக்குப் போக வேண்டும் என்ற ஆசை. நோய் தடுத்துவிட்டது. 1997-ல் ஆஸ்திரேலியாவில் பள்ளங்களைத் தேடிப்போன பயணத்தில் கார் விபத்தில் இறந்தார். அவருடைய அஸ்தியில் ஒரு சிட்டிகையைச் சுமந்து சென்ற விண்கலம் 1999 ஜூலையில் நிலாவில் மோதியது.

இப்போது நான் உங்களிடம் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. கல், தன் மேல் எவ்வளவு பாரம் விழுந்தது என்பதை மட்டும் பதிந்துவைப்பதில்லை. அந்தப் பாரம் எவ்வளவு நேரத்தில் விழுந்தது என்பதையும் பதிந்துவைக்கிறது.

உங்கள் குவாரிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குமரி மாவட்டத்தின் பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருங்கல்லும், கார்னெட் என்னும் கனிமம் கலந்த, பட்டை பட்டையான நைஸ் பாறையும். ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கண்டங்கள் ஒன்றோடொன்று முட்டி இணைந்த காலத்தில், இருபது கிலோமீட்டர் அளவு ஆழத்தில், 800 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் வெந்தவை. மேலே பல ஆயிரம் வளிமண்டலப் பாரம். ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகள் நின்று வெந்தன. அவகாசம் இருந்தால் கனிமம் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும். பழைய கனிமம் கரைந்து புதியது வளரும். நம் பாறைகளில் சிவப்புச் சிவப்பாக, மாதுளை முத்துபோலத் தெரிகிறதே கார்னெட், அது அப்படி அவசரமில்லாமல் வளர்ந்தது. அழுத்தத்தில் வளர்ந்த கல் அது.

அடிபட்ட கல் வேறு. லட்சம் வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் வந்து, ஒரு நொடி ஆவதற்குள் போய்விடுகிறது. அணுக்களுக்கு வேறு இடம் தேடிப்போக நேரமில்லை. குவார்ட்ஸுக்குப் பிளவுத்தளம், அதாவது தட்டினால் நேராகப் பிளந்துகொடுக்கும் தளம், இல்லை. சுத்தியலால் தட்டினால் கண்ணாடிச் சில்லுபோல் வளைந்து வளைந்துதான் உடையும். அதே குவார்ட்ஸ், அதிர்ச்சி அலை கடந்துபோனபின், உள்ளே ரூல் தடியால் கிழித்ததுபோல் இணைகோடுகளோடு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நூற்றுக்கணக்கான கோடுகள், பல திசைகளில், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. எரிமலையால் இதைச் செய்ய முடியாது. குவாரி வெடியால் முடியவே முடியாது. அணுகுண்டு செய்யும், விண்கல் செய்யும். கோஸைட்டையாவது பூமியின் வெகு ஆழத்திலிருந்து மேலே வந்த பாறைகளிலும் பிற்காலத்தில் கண்டார்கள். இந்தக் கோடுகளுக்கு அப்படிப் பூமிக்குள் இன்னொரு பிறப்பிடம் கிடையாது.

நான் கல்லூரியில் படித்தது நிலவியல். ஒருநாள் ஆசிரியர் லோனார் கல்லின் சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தார். கல்லை முடியின் தடிமனுக்கும் கீழே, 0.03 மில்லிமீட்டர் வரை தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள், ஒளி ஊடுருவும். லோனார் இருப்பது தக்காணத்து எரிமலைப் பாறையில். அங்கே குவார்ட்ஸ் தேடிப் பயனில்லை, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம்தான் சாட்சி. ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் நீள நீளமாக, குச்சி குச்சியாக இருக்கும். ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் இரண்டு வடிகட்டிகளைக் குறுக்காக வைத்து, குறுக்குத் துருவ ஒளியில் பார்த்தால் உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. நுண்ணோக்கியின் மேடையைச் சுழற்றினால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். முதலில் சாதாரணத் தக்காணக் கல்லைக் காட்டினார். பட்டைகள் மாறி மாறி மின்னின. பிறகு அடிபட்ட கல்லை வைத்தார். அதே குச்சிகள், அதே ஓரங்கள், ஓர் ஓரமும் உருகி வழியவில்லை. ஆனால் உள்ளே இருட்டு. சுழற்றினேன், இருட்டு. முழு வட்டம் சுழற்றினேன், அப்போதும் இருட்டு. படிகத்தின் உருவம் அப்படியே நிற்க, படிகம் மட்டும் இல்லாமல் போயிருந்தது. உருகாமலேயே கண்ணாடியாகிவிட்ட அந்தப் பொருளுக்கு மாஸ்கெலினைட் என்று பெயர். 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள லோனார் எரிமலை வாய் அல்ல, விண்கல் பள்ளம்தான் என்று 1973-ல் நிலைநாட்டிய முக்கியச் சான்றுகளில் ஒன்று இது. பிறகு நேரில் போய் அந்த விளிம்பில் நின்றபோது, வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும் பாறை அடுக்குகளையும் கீழே உவர்நீர் ஏரியையும் பார்த்தேன். அது பெரிய காட்சிதான். ஆனாலும் அந்தக் கரிய குச்சிகளே எனக்குள் தங்கிவிட்டன.

மாஸ்கெலினைட் முதலில் அடையாளம் காணப்பட்ட கல்லின் கதையையும் சொல்ல வேண்டும். 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரில், கயாவுக்கு அருகே ஷெர்காட்டியில் சுமார் ஐந்து கிலோ எடையுள்ள விண்கல் ஒன்று விழுந்தது. 1872-ல் வியன்னாவின் கனிமவியலாளர் செர்மாக் அதில் இந்தக் கண்ணாடியைக் கண்டு பெயரிட்டார். நூறு ஆண்டுகள் கழித்து, 1980-களில்தான் அந்த வகைக் கற்கள் செவ்வாயிலிருந்து வந்தவை என்று தெளிந்தது. எங்கோ செவ்வாயில் விண்கல் மோதி, அந்த அடியில் பிய்த்தெறியப்பட்ட துண்டு பல லட்சம் ஆண்டுகள் அலைந்து நம் நாட்டு மண்ணில் விழுந்திருக்கிறது. அடிவாங்கிய தழும்பு உள்ளேயே இருந்தது. செவ்வாய்க் கல்லிலும் லோனார் கல்லிலும் ஒரே தழும்பு. ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியைப் பார்த்து வளரும், சந்திரயான் இறங்கியபோது கைதட்டிய பிள்ளைகள் உங்கள் பிள்ளைகள். இதைச் சொன்னால் கண் விரித்துக் கேட்பார்கள்.

அப்படியானால் குமரியில் விண்கல் விழவே இல்லையா என்று அந்தப் பையன் கட்டாயம் கேட்பான். பூமியில் உறுதியான பள்ளங்கள் மொத்தம் இருநூறு அளவில்தான். இந்தியாவில் லோனார், மத்தியப் பிரதேசத்தின் தாலா, ராஜஸ்தானின் ராம்கர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நிலாவில் எங்கு பார்த்தாலும் பள்ளம், ஏனென்றால் அங்கே மழை இல்லை, ஆறு இல்லை. நம் பாறைகள் இருபது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தவை என்றேன். இன்று அவற்றின் மேல் நின்று துணி காயப்போடுகிறோம். நடுவிலிருந்த இருபது கிலோமீட்டர் பாறை எங்கே? மழை அரித்து, ஆறு சுமந்து, கடலில் சேர்த்துவிட்டது. அந்தக் கூரையில் பள்ளம் இருந்திருந்தால் அதுவும் கூரையோடு போயிற்று.

போனதில் கனமான மணிகள் மட்டும் கரையில் தங்கிவிட்டன. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பும் சிவப்புமான மணல் அதுதான்: இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட். தென்னாப்பிரிக்காவில் இருநூறு கோடி ஆண்டுப் பழமையான விரெடஃபோர்ட் பள்ளம் பெரும்பாலும் அரிபட்டுப் போனது. ஆனால் அதன் அடிபட்ட சிர்கான் மணிகளை வால் ஆற்றின் மணலில் கண்டெடுத்தார்கள். பள்ளம் அழிந்தபின்னும் ஒரு மணல்மணி தழும்போடு கிடக்கிறது. இந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து கடற்கரையில் நடக்கும்போது காலடி மணலைச் சும்மா மிதிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அம்மச்சியின் கதையைப் பற்றி. அதைப் பொய் என்று வகுப்பில் சொல்லாதீர்கள். மருந்துவாழ் மலை அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். லோனார்க்காரர்கள் தங்கள் பள்ளத்தை லவணாசுரன் ஒளிந்திருந்த குகை என்பார்கள், விஷ்ணு வந்து அவனை வதம்செய்த இடம். ஓர் இடம் மற்ற இடங்களைப் போல இல்லை என்பதை முதலில் கவனித்தவர்கள் கதை சொன்னவர்கள்தான். அந்தக் கவனிப்பு வீணானதில்லை. அங்கே குவாரிக்கு முன்பு என்ன இருந்தது, சுனையா, பாறைக்குழியா, தண்ணீர் கோடையிலும் நிற்குமா என்று பிள்ளைகளை அம்மச்சியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளை அந்தக் குவாரிக் குழிப் பக்கம் அனுப்பாதீர்கள், நீங்களே கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். செங்குத்தாக வெட்டிய பாறை, கரையிலிருந்து ஒரே அடியில் ஆளை முழுக்கும் ஆழம். கைவிட்ட குவாரிகளில் நம் மாவட்டம் எத்தனை பிள்ளைகளை இழந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கம்பிவேலி கூட இல்லாமல் அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. கல் வேண்டுமென்றால் சாலையோரத்து ஜல்லிக் குவியலே போதும்.

விடையை அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். படத்தைப் பெரிதாக்கி அந்தத் துளைத் தடத்தை மட்டும் காட்டுங்கள், பிறகு அருகில் ஏதாவது கல்மதிலுக்குக் கூட்டிப்போய் அதேபோன்ற தடங்களைத் தேடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் அவனே சொல்லிவிடுவான். முட்டத்துக்கோ கன்னியாகுமரிக்கோ போகும்போது ஒரு கைலென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை மணலை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள். சிவப்பு மணி கார்னெட், கறுப்பு இல்மனைட், நிறமில்லாமல் மின்னுவதில் சில சிர்கான்.

அந்தக் கல்லை அவன் தூக்கி எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு சில்லை எனக்கு அனுப்புங்கள். என்னோடு படித்த நண்பர் ஒருவர் அதைத் தேய்த்துச் சீவலாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் பழைய லோனார்ச் சீவல் ஒன்றும் இருக்கிறது. தலைமையாசிரியர் அனுமதித்தால் ஒரு சனிக்கிழமை நுண்ணோக்கியோடு வருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். மேடையை அவன் சுழற்றட்டும்.

அன்புடன்.